இடது கட்டைவிரல்

போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டுக்குப் பிரியும் சாலையில் இருந்த கார் அக்சஸரீஸ் கடை இன்னும் ஷட்டரைத் தூக்கவில்லை. யோகராஜ் வெள்ளைக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் இருந்த பொத்தான்களை இடது கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, போனை எடுக்கும் பச்சைப் பொத்தான். ஒன்றிலும் உயிர் இல்லை. நடுவில் புதிதாகப் பொருத்தியிருந்த ஸ்டீரியோவின் பெரிய திரை மட்டும், தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் பெய்த மழை கண்ணாடியில் இன்னும் வழிந்தது.

அவனுடைய இடது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் சொன்னபடி கேட்கும். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தபோது, ரப்பர் பாலை ஷீட்டாக உருட்டும் ரோலர் அந்தக் கையை உள்ளே இழுத்துக்கொண்டது. மற்ற நான்கு விரல்களும் மடங்காமல், உணர்ச்சியில்லாமல், நீட்டியபடியே நின்றுவிட்டன. தோட்டத்தில் அதற்குப் பிறகு வேலை இல்லை. வேலாயியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தவன், கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியைத் தன்னால் ஓட்ட முடியும் என்று காட்டி லைசென்ஸ் வாங்கினான். டூரிஸ்ட் வண்டிகள் வைத்திருந்த சிவப்பிரகாசத்திடம் அப்படிப்பட்ட வண்டி இது ஒன்றுதான் இருந்தது. வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வண்டியோடு வந்த பழைய ஸ்டீரியோ கடற்காற்றில் உப்புப் பூத்துச் செத்துப்போனது. அதே மாதிரி ஒன்று மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சிவப்பிரகாசம் சென்னைக்குப் போனபோது வேறொன்றை வாங்கிவந்து, இந்தக் கடையில் ஹரிஹரன் என்ற வயரிங்காரனிடம் கொடுத்துப் பொருத்தச் சொன்னார். ஹரிஹரன் பாட்டு வரவைத்தான், பின்பக்கக் கேமராவை வரவைத்தான். ஸ்டீயரிங் பொத்தான்களை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டான்.

மற்ற டிரைவர்களுக்கு அது ஒரு குறையாகவே இருந்திருக்காது. எட்டித் திரையைத் தொட்டால் போன் பேசலாம். யோகராஜின் மரத்த விரல்களைத் திரை கண்டுகொள்ளவில்லை; கட்டைவிரலைக் கொண்டுபோனால் விறைத்த விரல்கள் முன்னே முட்டின. வலது கையால் தொடலாமென்றால், அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள இடது கைக்குப் பலம் போதாது. மேடும் வளைவுமான ஊர் அது. காதில் மாட்டிப் பேசும் கருவி ஒன்றை வாங்கினான். விருந்தினர்களை உட்காரவைத்துக்கொண்டு தனியாகப் பேசுகிறான் என்று தோன்றும் என்று முதலாளி அதைக் கழற்றவைத்தார்.

அந்த வாரம்தான் அது நடந்தது. ஹேவ்லாக் தீவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு குடும்பம், ஜெட்டியின் வேறு வாசல் வழியாக வெளியே வந்து நின்றுகொண்டு அவனுக்குப் போன் செய்தது. அவன் ஜங்லிகாட் முனை நெரிசலில், ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் ஊர்ந்துகொண்டிருந்தான். போனைக் கையில் எடுத்தால் அபராதம் போடப் பக்கத்திலேயே போலீஸ்காரர். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பெட்டிகளோடும் கைக்குழந்தையோடும் மழையில் நனைந்த அந்தக் குடும்பம், ஊரெல்லாம் படிக்கும்படி இணையத்தில் எழுதிவிட்டுப் போனது.

சிவப்பிரகாசம் கத்தவில்லை. திங்கட்கிழமையிலிருந்து இந்த வண்டியை அஸ்வின் எடுக்கட்டும் என்றார். அஸ்வின் ரங்கத் என்ற ஊரிலிருந்து வந்த பையன், கழுவும் வேலையில் சேர்ந்து டிரைவராகக் காத்திருந்தவன். அப்படியானால் நான் என்ன செய்வது என்று யோகராஜ் கேட்டதற்கு, "யார்டுல இரு, வண்டி கழுவறதுக்கு ஆள் வேணும்ல" என்றார். ஒரு கையால் வண்டி கழுவுகிறவனை எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதை இருவருமே பேசவில்லை.

ஷட்டரைத் தூக்கிய சந்திரமோகன், காரைப் பார்த்ததுமே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். கடை அவருடையது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, சீட் கவரில் ஆரம்பித்து, கடையை இந்த அளவுக்கு வளர்த்தவர்.

"ஹரிஹரன் கப்பல் எப்போ வருதோ அப்போதான். அவன் வந்தாலும் இது எல்லா வண்டிக்கும் போடற யுனிவர்சல் செட்டு யோகராஜ், ஸ்டீயரிங் பட்டன் இதுல வராது. சோட் தோ, விட்டுடு."

"வரும்னு அந்தத் தம்பிதாங்க சொல்லுச்சு."

"சொல்லுவான். சொல்லிட்டுத்தான ஊருக்குப் போயிட்டான்."

கடையின் உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண், மிதியை நிறுத்தினாள். ஷோபனா. சௌல்தாரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, வயரிங் வேலைக்கு என்றுதான் இந்தக் கடையில் சேர்ந்தாள். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பது பெண்பிள்ளைக்குச் சரிப்படாது என்று சந்திரமோகன் அவளைச் சீட் கவர் தைக்க உட்காரவைத்தார். அவள் தைத்தாள். ஆனால் ஹரிஹரன் கோட்டை விட்டதை எல்லாம் மிஷினில் இருந்தபடியே சத்தமாகச் சொல்லிக்காட்டுவாள். ஹரிஹரனுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

"வரும் சார். நான் போட்டுத் தர்றேன்" என்றாள்.

சந்திரமோகன் அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே, தைக்க வேண்டிய கவர்களை நினைவுபடுத்தினார். அவள் எழுந்து வந்து காரின் கதவருகே நின்றுகொண்டாள். தைப்பதை மத்தியானம் தைத்துவிடுவதாகச் சொன்னாள். யோகராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். திங்கட்கிழமை வண்டி கைவிட்டுப் போய்விடும் என்பதை அப்போதுதான் சொன்னான்.

சந்திரமோகன் யோகராஜின் இடது கையைப் பார்த்தார். பிறகு அவளிடம், "செட்டு எரிஞ்சுதுன்னா நீ நாளையிலேர்ந்து வர வேணாம். ஹரிஹரனா இருந்தாலும் இதான் சொல்லுவேன்" என்றார்.

ஹரிஹரன் போன வருடம் ஒரு செட்டை எரித்தது இருவருக்கும் தெரியும். ஷோபனா அதைச் சொல்லவில்லை. "தீக் ஹை சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலையும் மல்டிமீட்டரையும் எடுத்துவந்தாள்.

திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பி எடுத்து, ஸ்டீரியோவை முன்னால் இழுத்தாள். பின்னால் ஒரு கொத்து வயர். அதில் பழுப்பு நிறத்தில் இரண்டு வயர்கள் எதோடும் சேராமல், நுனியில் டேப் சுற்றப்பட்டுத் தொங்கின. ஸ்டீயரிங்கிலிருந்து வரும் செய்தி இந்த இரண்டின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று யோகராஜுக்குக் காட்டினாள். காருக்குச் சொந்தமான பிளக்கையும் புதுச் செட்டையும் இணைத்த கப்ளரில், ஸ்டீயரிங் வயர்கள் வந்து சேருகிற இடத்தில் மட்டும் வெறும் ஓட்டைகள். உள்ளே உலோகப் பின்களே இல்லை.

"பட்டனுக்கும் செட்டுக்கும் நடுவுல பாலமே போடலண்ணே. அப்புறம் எப்படிப் போகும்?"

அவள் சொன்ன விவரம் யோகராஜுக்குப் புரிந்தது. ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒவ்வொரு அளவில் மின்தடை இருக்கிறது. ஒரு வயரைச் சேர்ந்த எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே வயரில்தான் செய்தி போகும், அளவு மட்டும் மாறும். அந்த அளவை வைத்துத்தான் எது கூட்டுவது, எது குறைப்பது என்று செட்டு தெரிந்துகொள்கிறது. முதலில், காரின் பிளக்கில் எந்தப் பின் மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் மீட்டரின் ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்து, மறுமுனையால் பிளக்கின் பின்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். யோகராஜ் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தான். மீட்டரில் எண் அசையவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொட்டாள். அசையவில்லை. அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியது.

சந்திரமோகன் வந்து எட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குள்ளே சுருண்டு கிடக்கும் பட்டை வயர் அறுந்திருக்கும், அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏர்பேகைக் கழற்ற வேண்டும், அதில் கைவைக்க இந்தக் கடையில் ஒருத்தருக்கும் அனுமதியில்லை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஷோபனாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. மீட்டரை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் மூடிவிடச் சொன்னான் யோகராஜ். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "பரவால்ல தங்கச்சி. நீ பாத்தியே, அதுவே போதும்."

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கமாக ஒரு லோடு ஆட்டோ அவனுடைய பம்பரை ஒட்டி வந்தது. அவன் உள்ளங்கையால் ஹாரனை ஓங்கி அடித்தான். ஆட்டோ நின்றது.

ஷோபனா நிமிர்ந்தாள். "அண்ணே, இன்னொரு தரம் அடிங்க."

அடித்தான்.

"ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி அடிங்க."

அவன் திருப்பித் திருப்பி அடித்தான். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். ஹாரன் ஓரிடத்திலும் அடங்கவில்லை.

ஹாரன் வயரும் அதே சுருள் பட்டையில்தான் வருகிறது. அது உயிரோடு இருக்கும்போது பக்கத்து வயர் மட்டும் ஏன் சாக வேண்டும்? ஸ்டீரியோ செத்த நாள்வரை பொத்தான்கள் வேலை செய்தனவா என்று கேட்டாள். அதற்கு முதல் நாள்கூட அதில்தான் போன் எடுத்ததாகச் சொன்னான். அப்படியானால் கோளாறு ஸ்டீயரிங்கில் இல்லை, தான் அளந்த விதத்தில் இருக்கிறது. வண்டியின் இரும்பில் ஒரு முனையை வைத்தது தப்பு. பொத்தான்களின் கரன்ட் இரும்பு வழியாகத் திரும்பவில்லை. திரும்பிவர அதற்கென்று தனி வயர் அந்தப் பிளக்குக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இந்தமுறை இரண்டு முனைகளையும் பிளக்கிலேயே வைத்தாள். ஒரு பின்னோடு இன்னொரு பின். அடுத்த ஜோடி. அதற்கடுத்தது. யோகராஜின் கட்டைவிரல் கூட்டும் பொத்தானிலேயே நின்றது.

எண் குதித்தது.

"விடுங்க." எண் போய்விட்டது. "அழுத்துங்க." வந்தது. "இப்போ குறைக்கிறது." வேறு எண்.

அவள் சிரித்துவிட்டாள். வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் அது விநோதமான சத்தமாக வந்தது. யோகராஜும் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது.

பின்களுக்காகக் கழித்துப்போட்ட கப்ளர்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்துத் தேடினாள். பொருந்தக்கூடியவற்றைக் கழற்றி, வயர் அழுத்திப் பிடிக்கும்படி நசுக்கி, ஈயம் வைத்து, காலி ஓட்டைகளில் செருகினாள். இரண்டு செய்தி வயர்களும் பழுப்பு வயர்களோடு சேர்ந்தன. திரும்பிவரும் வயரைச் செட்டின் கறுப்பு வயரோடு சேர்த்தாள். பிறகு சாவியைத் திருப்பச் சொன்னாள். சந்திரமோகன் கடைக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சியது கேட்டது. எரிகிற வாடை எதுவும் வரவில்லை.

இனி எந்தப் பொத்தான் எதற்கு என்று செட்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யோகராஜ் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அவள் திரையில் அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். முதல் தடவை எல்லாம் குழம்பியது. கூட்டச் சொன்னால் ஸ்டேஷன் மாறியது, குறைக்கச் சொன்னால் கூடியது. அவனுடைய கட்டைவிரல் வியர்வையில் வழுக்கி, அவள் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே விலகியிருந்தது. அவன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். அவள் "ம்" என்றதும் அழுத்தினான், அடுத்த "ம்" வரும்வரை விடவில்லை. அவள் விரல் திரைக்கும் அவன் விரல் பொத்தானுக்குமாக, இரண்டு பேரும் ஒரு ஆளைப்போல வேலை செய்தார்கள்.

ரேடியோவில் இந்தியில் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். யோகராஜ் அழுத்தினான். வாசிப்பவரின் குரல் ஓங்கியது. அழுத்தினான். தணிந்தது.

பச்சைப் பொத்தான் மட்டும் வரவில்லை. அது இரண்டாவது வயரைச் சேர்ந்தது. அவள் கப்ளரை மறுபடி வெளியே இழுத்துப் பார்த்தபோது, அந்தப் பின் சரியாகப் பூட்டாமல் பின்னுக்குத் தள்ளியிருந்தது. அதை எடுத்து, அதன் சிறு பூட்டு நாக்கை நிமிர்த்தி, 'டக்' என்று கேட்கும்வரை தள்ளினாள். அதையும் செட்டுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்க்கடை வாசலுக்குப் போய் நின்றாள்.

காருக்குள் மணி அடித்தது. யோகராஜ் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்து, ஓட்டுகிறவனைப் போலவே உட்கார்ந்துகொண்டான். கட்டைவிரலை மட்டும் அசைத்தான்.

"அண்ணே, கேக்குதா?" அவள் குரல் நான்கு கதவுகளிலிருந்தும் வந்தது.

"கேக்குது தங்கச்சி."

சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, போனைத் துண்டிக்காமல் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்திரமோகன் தானே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். "அச்சா" என்றார். பிறகு கடைக்குள் போய், இந்த வேலை ஆகாது என்று தான் முன்பு திருப்பி அனுப்பிய வண்டிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தார். சில வாரம் கழித்து ஹரிஹரன் ஊரிலிருந்து வந்தபோது ஸ்டீயரிங் வேலை ஷோபனாவுடையதாகியிருந்தது. அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். மூன்றாம் நாள் ஒரு வண்டியின் பிளக்கைக் கொண்டுவந்து, இதில் எது எது என்று அவளிடமே கேட்டான். தையல் மிஷின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கவர்கள் அதன்மேல் குவிந்துகொண்டிருந்தன, அவற்றையும் அவள்தான் தைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை, காராச்சாராமாவில் முதலாளியின் வண்டிகள் நிற்கும் யார்டில் அஸ்வின் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தான். சிவப்பிரகாசம் சாவிக்காகக் கையை நீட்டினார். யோகராஜ் சாவியைக் கொடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை ஏறி உட்காருங்க மொதலாளி என்று பின்கதவைத் திறந்துவிட்டான். அவருக்குச் சிரிப்பதா அதட்டுவதா என்று தெரியவில்லை. ஏறினார். யோகராஜ் ஜன்னல் வழியாக அஸ்வினிடம், சற்றுப் பொறுத்துத் தனக்குப் போன் செய்யச் சொன்னான்.

ஜங்லிகாட் நெரிசலுக்கே ஓட்டிப்போனான். அதே முனை. பஸ்களும் ஸ்கூட்டர்களும் முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் போலீஸ்காரர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தபோது சிவப்பிரகாசம் முன்சீட்டுகளுக்கு இடையே தலையை நீட்டினார். யோகராஜின் கைகள் ஸ்டீயரிங்கைவிட்டு அசையவில்லை.

"அண்ணே, நான் அஸ்வின் பேசறேன். வண்டி எங்கே வருது?"

"ஜங்லிகாட்ல தம்பி. போலீஸ் பக்கத்துல. நல்லா கேக்குது."

போலீஸ்காரர் காரை ஒருமுறை பார்த்துவிட்டு, போகலாம் என்று கையை வீசினார்.

சிவப்பிரகாசத்துக்கு நம்பிக்கை வரவில்லை. தன் போனிலிருந்தே அவனை அழைத்தார். யோகராஜ் எடுத்ததும், முன்னும் பின்னுமாக இரண்டு போன்களும் ஒன்றையொன்று கேட்டு வீறிட்டன. அவர் பதறிப்போய் போனை நழுவவிட்டார். யோகராஜ் அழைப்பைத் துண்டித்தான். முதலாளி சீட்டுக்கு அடியில் தடவிப் போனை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஹரிஹரன் நல்லா பண்ணியிருக்கான்" என்றார்.

"ஹரிஹரன் இல்லீங்க மொதலாளி. ஷோபனான்னு ஒரு புள்ள."

யார்டுக்குத் திரும்பியதும் முதலாளி, வண்டி உன்கிட்டயே இருக்கட்டும் என்று இறங்கிக்கொண்டே சொன்னார். அஸ்வினுக்கு அடுத்து வரும் வண்டியைத் தருவதாகச் சொன்னார். அஸ்வின் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். போகிறபோது யோகராஜின் தோளை ஒரு தட்டுத் தட்டினான். யோகராஜ் அன்று சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு யார்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினான். வேலாயி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் ஒவ்வொரு பாட்டாகக் கேட்டாள், அவன் ஒவ்வொன்றாக வரவைத்தான்.

டிசம்பரில் சீசன் உச்சத்துக்குப் போனது. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அழைத்த முதல் மணியிலேயே எடுக்கிற டிரைவர் யோகராஜ்தான் என்பது எல்லா ஹோட்டல்களுக்கும் தெரிந்துவிட்டது. அவன் பெயரைச் சொல்லியே வண்டி கேட்டார்கள்.

ஒரு நாள் கோர்பின்ஸ் கோவ் கடற்கரையில் விருந்தினர்களை இறக்கிவிட்டு, தென்னைகளுக்கு அடியில் வண்டியை நிறுத்தினான். அவர்கள் குளித்துவிட்டு வர நேரமாகும். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காலையில் வேலாயி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் தொடையில் வைத்துத் திறந்தான். சோறும் மீன் குழம்பும் ஒட்டிப்போயிருந்தன. வலது கையால் பிசைந்து இரண்டாவது கவளத்தை எடுக்கும்போது மணி அடித்தது. இடது கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது.

முதலாளி எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. இன்னொரு டிரைவர் வரவில்லையாம். கூட்டிவந்த விருந்தினர்களை அவசரப்படுத்தி ஹோட்டலில் விட்டுவிட்டு ஜெட்டிக்குப் போக வேண்டும், ஜெட்டியிலிருந்து ஏர்போர்ட், ஏர்போர்ட்டிலிருந்து மறுபடி ஜெட்டி. இனிமேல் மற்ற வண்டிகளுக்கு வருகிற போனையும் உன் நம்பருக்கே மாற்றிவிடப்போகிறேன், நீதான் உடனே எடுக்கிறாயே என்றார். "சாப்பாடெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஜல்தி கெளம்பு."

வாயில் சோறு இருந்ததால் யோகராஜ் பதில் சொல்லவில்லை. கட்டைவிரல் பச்சைப் பொத்தானிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, குறைக்கும் பொத்தானை அழுத்தியது. இன்னொரு தடவை அழுத்தியது. நான்கு கதவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்த முதலாளியின் குரல் படிப்படியாகச் சிறுத்து, கடைசியில் தகரத்துக்குள் அகப்பட்ட ஈயின் சத்தமாயிற்று. அலைகள் மணலில் ஏறி இறங்குவது கேட்டது. யோகராஜ் குழம்பில் தோய்ந்த மீன் துண்டிலிருந்து முள்ளை எடுத்து மூடியில் வைத்துவிட்டு, நிதானமாக அடுத்த கவளத்தை உருட்டினான்.